அரக்குப் பூச்சி முதல் அண்டவெளி வரை: வீட்டுப் பாட்டுப் பெட்டிக்குள் இத்தனை அதிசயமா!

எப்போதோ மறைந்துவிட்ட ஒரு பாடகர், பல்லவிக்கு முன் மூச்சை இழுப்பது கூட நம் வீட்டுக் கூடத்தில் கேட்கிறது! தினமும் நடப்பதால் நாம் வியக்க மறந்துவிட்டோம். அந்தப் பாட்டு நம் காதுக்கு வந்து சேரப் பூச்சிகள் உழைத்திருக்கின்றன, வைரம் உழைத்திருக்கிறது, கணித மேதைகள் உழைத்திருக்கிறார்கள். இன்னொரு சேதி: கருவி செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதியைச் செய்வது உங்கள் காது! எப்படி என்கிறீர்களா? படியுங்கள்!

பாடியது 1860-ல், கேட்டது 2008-ல்!

எடிசனுக்கு முன்பே ஒருவர் குரலைப் பதிந்துவிட்டார், தெரியுமா? பாரிஸில் வாழ்ந்த லியோன் ஸ்காட் என்பவர், விளக்குக் கரி படிந்த காகிதத்தில் ஒலியின் அதிர்வைக் கோடாக வரையும் கருவியைச் செய்தார். ஒலியைக் கண்ணால் பார்ப்பதுதான் அவர் ஆசை. திரும்பக் கேட்கலாம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை! 1860-ல் ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சில நொடிகளை அப்படிப் பதிந்தார். 148 ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளைக் கணினியில் ஏற்றி ஒலியாக மாற்றினார்கள். முதலில் ஒரு சிறுமி பாடுவது போலக் கேட்டது. வேகத்தைச் சரிசெய்து பார்த்தால் ஆண் குரல்! பாடியவர் பெரும்பாலும் ஸ்காட்டேதான் என்கிறார்கள். பதிந்த குரலைத் திரும்பக் கேட்கும் பேறு முதலில் கிடைத்தது எடிசனுக்குத்தான். 1877-ல், ஒரு தகரத் தாள் சுற்றிய உருளையில்!

உலகம் கேட்ட பாட்டுக்கு நம் நாட்டுப் பூச்சி!

அந்தக் காலத்துக் கறுப்பு கிராமஃபோன் தட்டு எதனால் ஆனது, தெரியுமா? அரக்கு! பலாசம், இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒட்டி வாழும் குட்டி அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தினால் இசைத்தட்டு! அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் உலகமெங்கும் போனது. நியூயார்க்கில் ஜாஸ் சுழன்றாலும் வியன்னாவில் சிம்பொனி சுழன்றாலும், தட்டை இறுக்கிப் பிடித்திருந்தது நம் காட்டுப் பூச்சியின் உழைப்பு! இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். வினைல் தட்டு வேகமாகத் தலையெடுக்க அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு முள்!

கிராமஃபோனின் எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மாற்ற வேண்டும், தெரியுமா? தட்டில் இருந்த கல்தூள், முள்ளைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்த ஏற்பாடு அது! எஃகு வேண்டாம் என்று மூங்கில் சீவலையும் கள்ளி முள்ளையும் பொருத்திக் கேட்ட ரசிகர்களும் உண்டு. இன்றைய டர்ன்டேபிளிலோ முள்ளின் நுனியில் இருப்பது வைரம்!

மூன்று நிமிடத்தில் ஒரு ராகம்!

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 10 அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடமே இடம். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அதற்குள் எப்படி அடக்குவது? 1902-ல் கல்கத்தாவில் அடக்கிக் காட்டினார் பாடகி கௌஹர் ஜான்! பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். ஏன் தெரியுமா? அந்தப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாகும். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமே!

நம் வீணை தனம்மாளை நினைத்துப் பாருங்கள். சென்னை ஜார்ஜ் டவுனில், தன் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் அவர் வாசிக்க, கூடியிருந்தவர்கள் மூச்சடக்கிக் கேட்பார்களாம். அத்தனை மென்மையான நாதம்! 1930-களில் பதிந்த சில தட்டுகளால்தான் அந்த வீணை இன்று நமக்கும் கேட்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு விலை உண்டா?

அரைக் கிலோமீட்டர் நீளம், ஒரே ஒரு கோடு!

1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. ரெக்கார்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பாட்டு! பார்த்தால் நூற்றுக்கணக்கான வட்டங்கள் தெரியும். உண்மையில் ஒரு பக்கத்துக்கு ஒரே கோடுதான். விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகும் அதை நீட்டினால் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் வரும்!

இன்னும் கேளுங்கள். விளிம்பில் முள் நொடிக்கு அரை மீட்டர் தூரம் போகிறது, கடைசிப் பாட்டில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே நுணுக்கத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் தெளிவு சற்றுக் குறைவதற்குக் காரணம் இதுதான்!

எல்.பி.யில் கனத்த ஓசையைக் குறைத்தும் கூரிய ஓசையைக் கூட்டியும்தான் பதிகிறார்கள், தெரியுமா? இல்லாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஓசை பக்கத்துக் கோட்டையே இடித்துவிடும்! ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்ற தனித் துளை இருப்பது, அதைத் தலைகீழாக மாற்றிப் பழையபடி ஆக்கத்தான். டர்ன்டேபிளை வேறு துளையில் செருகினால் பாட்டு ஏன் சன்னமாக, சத்தில்லாமல் கேட்கிறது என்று இப்போது புரிகிறதா?

ஒரு பள்ளம், இரண்டு சுவர், இரண்டு பாட்டு!

ஸ்டீரியோவைக் கண்டுபிடித்தவர் அதற்குக் காப்புரிமை கேட்டபோது வயது 28தான், தெரியுமா? லண்டனில் இருந்த ஆலன் ப்ளம்லைன்! சினிமா பார்க்கப் போனவருக்கு ஒரு குறை உறுத்தியது. நடிகர் திரையில் ஒரு பக்கம், குரலோ வேறு பக்கம்! அதைத் தீர்க்கப் புறப்பட்டு, 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இடச்சுவரில் ஓர் ஒலி, வலச்சுவரில் இன்னோர் ஒலி! ஒரே முள் இரண்டையும் ஒரே சமயத்தில் படித்துவிடும். ஸ்டீரியோ தட்டுகள் கடைக்குப் பரவலாக வந்தது 1958-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942-ல், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். 128 காப்புரிமைகள் பெற்ற மனிதர்! இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டிய பெயர்.

ஆளே இல்லாத இடத்தில் பாடகர்!

ஸ்டீரியோவில் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பாடுகிறார். அங்கே ஸ்பீக்கரே இல்லையே! அவரை அங்கே நிறுத்துவது நம் காதும் மூளையும்தான். ஓர் ஒலி ஒரு காதுக்கு வந்து மறுகாதுக்கு வர எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்து, அது வந்த திசையை மூளை சொல்லிவிடும். எவ்வளவு சிறிய வித்தியாசம் வரை தெரியும், தெரியுமா? நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு! கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்குச் செவிப்பறை அசையும் தூரமோ, ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு! இப்படி ஒரு கருவி எந்தக் கடையில் கிடைக்கும்?

நூறு வயது ஸ்பீக்கர்!

உங்கள் ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்புக்கு வயது நூறு! காந்தத்துக்குள் ஒரு கம்பிச் சுருள், அதில் ஒட்டிய கூம்பு. மின்சாரம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசையும். அமெரிக்காவின் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ல் வெளியிட்ட வடிவம். இன்றும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதே வழியில்தான் இயங்குகின்றன.

கனத்த ஓசைக்கான வூஃபர் ஏன் பெரிது, கூரிய ஓசைக்கான ட்வீட்டர் ஏன் சிறிது? மனிதக் காது உணரும் மிகக் கனத்த ஓசையின் ஓர் அலை 17 மீட்டர் நீளம்! மிகக் கூரிய ஓசையின் அலையோ 1.7 சென்டிமீட்டர்தான்! ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை ஒரே கூம்பால் சமாளிக்க முடியுமா?

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்!

10 வாட்டில் கேட்கும் ஒலி இரு மடங்காகக் கேட்க 20 வாட் போதுமா? போதாது! சுமார் 100 வாட் வேண்டும். நம் காதின் கணக்கு அப்படி. வீட்டில் அளவாக வைத்துக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு வாட்டே தாண்டாது. பெட்டியில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட்டைப் பார்த்து மயங்க வேண்டியதே இல்லை!

கோட்டுப் பைக்கு அளவெடுத்த கேசட்!

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது. அதை உருவாக்கிய லூ ஓட்டன்ஸ், தன் கோட்டுப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டார். கருவி அந்தக் கட்டையின் அளவைத் தாண்டக்கூடாது என்பது தீர்மானம்! அந்த வரலாற்றுக் கட்டை எங்கே? பஞ்சரான காரைத் தூக்க ஜாக்கிக்கு அடியில் கொடுத்து, அங்கேயே தொலைந்துபோனது!

நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தச் சிறு நாடாதான் நம் ஊர் டீக்கடையையும் டவுன் பஸ்ஸையும் கல்யாண வீட்டையும் பாட்டால் நிறைத்தது. பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, கடைக்காரர் பதிந்து தரும் நாளுக்குக் காத்திருந்தது ஒரு தலைமுறை!

சண்டிகரில் பிறந்த யோசனை!

கேசட்டின் ‘உஸ்ஸ்’ இரைச்சலைக் குறைத்த ரே டால்பி, 1963 முதல் 1965 வரை எங்கே இருந்தார், தெரியுமா? நம் சண்டிகரில்! ஐ.நா. சார்பில் அங்கிருந்த மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்துக்கு ஆலோசகராக வந்தவர். அங்கே இந்திய இசையைப் பதிவும் செய்தார். இரைச்சலைக் குறைக்கும் யோசனை அந்தக் காலத்தில்தான் உருவானது. மெல்லிய கூரிய ஒலிகளை உயர்த்திப் பதிந்து, கேட்கும்போது அதே அளவு தாழ்த்தினால், நாடாவின் இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். எத்தனை எளிய சூத்திரம்!

இருவர் கேட்க ஒரு வாக்மேன்!

1979 ஜூலையில் வந்த முதல் சோனி வாக்மேனில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள்! இருவர் சேர்ந்து கேட்கலாம். பாட்டின் நடுவே பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் மைக்கும்கூட உண்டு.

ஐந்து கிலோமீட்டர் சுருள்!

1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சி.டி., எல்.பி.க்கு நேர்மாறாக உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. அந்தச் சுருளை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல்! ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதியிருக்கிறார்கள். கீறல் விழுந்தாலும் பாடுகிறதே எப்படி? இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-ல் தந்த பிழைதிருத்த முறையால்! சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு எழுத்தே அழிந்துபோனாலும் மீதியை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிடும்!

விமானத்தில் போட்ட கணக்கு!

இரைச்சலை அழிக்கும் ஹெட்ஃபோனுக்கு ஓர் இந்திய வேர் உண்டு, தெரியுமா? அதை உருவாக்கிய அமர் போஸின் தந்தை வங்காளத்தின் விடுதலைப் போராட்டக்காரர்; ஆங்கிலேயரிடம் தப்பி அமெரிக்கா போனவர். 1978-ல் சூரிச்சிலிருந்து பறந்த விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இன்ஜின் சத்தம் இசையை விழுங்கியது. போஸ் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார்! வெளிச் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் வெளிவந்தது. 2011-ல் தன் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியை, தான் படித்து, பாடமும் நடத்திய எம்.ஐ.டி.க்கே கொடுத்துவிட்டார்!

அண்டவெளிக்குப் போன இசைத்தட்டு!

பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் இசைத்தட்டு எங்கே? 1977 செப்டம்பர் 5-ல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்தில்! தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு, கூடவே முள்ளும், வாசிக்கும் முறையைச் சொல்லும் படமும். அதில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி ராகமும் இருக்கிறது. புறப்பட்ட 11-ஆம் நாள் அந்த அம்மையார் மறைந்தார். அவர் குரல் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது!

செலவில்லாமல் ஒலியை உயர்த்த!

இத்தனை பேர் உழைத்தது உங்கள் இரு காதுகளுக்காக. அவற்றுக்கு உரிய இடத்தைக் கொடுங்கள்! இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமாக அமையுங்கள். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே நகர்த்துங்கள். மூலை, கனத்த ஓசையை ஊதிப் பெரிதாக்கும். ஜன்னலுக்குத் திரை, தரைக்கு விரிப்பு இருந்தால் எதிரொலி அடங்கும். சத்தத்தில் மட்டும் கவனம்! 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன காதுக்கு மாற்றுக் காது கிடையாது.

பிறகு, பிடித்த ஒரு தட்டோ கேசட்டோ சி.டி.யோ எடுங்கள். செல்போனை அடுத்த அறையில் வையுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். நூறு முறை கேட்ட பாட்டிலும் இதுவரை கவனிக்காத ஒரு தம்புராவோ, பின்னணியில் ஒரு வயலினோ நிச்சயம் கிடைக்கும். இன்று மாலையே கேட்டுப் பாருங்கள்!