'கோணல் வாய்' தந்த குடும்பப் பெயர்: ஸ்காட்லாந்தின் 'கேம்பெல்' உலகெங்கும் பரவியது எப்படி?

கிரிக்கெட் ரசிகர்களுக்கு 'கேம்பெல்' என்ற பெயர் புதிதன்று. ஜிம்பாப்வே அணியின் முன்னாள் கேப்டன் அலிஸ்டர் கேம்பெல், பார்படோஸில் பிறந்த ஷெர்வின் கேம்பெல், ஜமைக்காவைச் சேர்ந்த தொடக்க ஆட்டக்காரர் ஜான் கேம்பெல் எனப் பலர் இப்பெயருடன் களமிறங்கியுள்ளனர். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு இனங்களில் பிறந்த இவர்களுக்கு ஒரே குடும்பப் பெயர் அமைந்தது எவ்வாறு?

அதற்கான விடை, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஆர்கைல் பகுதியில் தொடங்குகிறது. ஆனால், அது ஒரே குருதிவழியின் கதை அன்று. நில அதிகாரம், அரசின் தடை, அடிமை முறை, எழுத்தரின் பதிவேடு ஆகியவை சேர்ந்து உருவாக்கிய கதை அது.

பட்டப்பெயராகத் தொடங்கியது

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் 'காம்' என்றால் வளைந்தது அல்லது கோணலானது என்று பொருள். 'பேல்' என்றால் வாய். இவ்விரு சொற்களும் இணைந்ததே 'கேம்பெல்'. மூதாதையர் ஒருவரின் முகத் தோற்றத்தைக் கொண்டு ஊரார் சூட்டிய பட்டப்பெயர், பின்னர் வழிவழியாக நிலைத்துவிட்டது என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

இப்பெயர் 1263-ஆம் ஆண்டிலேயே அரசு ஆவணத்தில் இடம்பெற்றுள்ளது. அதில் குறிப்பிடப்படுபவர் கில்லெஸ்பிக் கேம்பெல். ஆங்கிலத்தில் இப்பெயரை எழுதும்போது இடையில் ஒலிக்காத ஓர் எழுத்து வருகிறது. பழைய ஆவணங்களில் அந்த எழுத்து இல்லை. 'அழகிய வயல்' எனப் பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து இப்பெயர் வந்ததாகக் காட்ட விரும்பியவர்களால் அது பிற்காலத்தில் நுழைந்தது. 'கோணல் வாய்' என்பதைவிட 'அழகிய வயல்' பெருமைக்குரியதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

தலைவரின் பெயரே மக்களின் பெயர்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அண்டைக் குலத்தாருடனான மோதலில் உயிரிழந்த காலின் கேம்பெல், 'பெரிய காலின்' என்று போற்றப்பட்டார். இன்றுவரை குலத் தலைவர்கள் 'பெரிய காலினின் மகன்' என்ற கேலிக் பட்டத்தைத் தாங்குகின்றனர். அவருடைய மகன் நீல், ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் சகோதரியை மணந்தார். அந்த நெருக்கத்தால் குடும்பத்தின் நிலமும் செல்வாக்கும் பெருகின. தலைமைக் குடும்பம் 1457-இல் ஆர்கைல் ஏர்ல் பட்டத்தையும், 1701-இல் டியூக் பட்டத்தையும் பெற்றது.

பெயர் பரவியதற்கு இந்த வளர்ச்சியே முதற்காரணம். அக்காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுச் சாமானியர் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. குத்தகை நிலமும் பாதுகாப்பும் வேண்டியவர்கள் தங்கள் தலைவரின் பெயரையே சூடிக்கொள்வது வழக்கமாக இருந்தது. தலைவரின் நிலம் விரிந்தபோது, அவரோடு குருதி உறவு இல்லாத கேம்பெல்களும் பெருகினர்.

வேறு சிலர் சட்டத்துக்கு அஞ்சி இப்பெயரை ஏற்றனர். 1603-இல் மெக்ரெகர் குலத்தின் பெயரையே அரசு தடை செய்தது. இடையில் விலக்கப்பட்டு மீண்டும் விதிக்கப்பட்ட அத்தடை, 1774-இல்தான் முற்றிலும் நீங்கியது. அந்த நாள்களில் மெக்ரெகர்கள் வேறு பெயர்களில் மறைந்து வாழ்ந்தனர். புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரும் தம் தாய்வழிப் பெயரான கேம்பெல்லைப் பயன்படுத்தினார்.

பெயரின் மீது விழுந்த பழி

1692-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி, கிளென்கோ பள்ளத்தாக்கில் மெக்டொனால்டு குலத்தைச் சேர்ந்த 38 பேர் கொல்லப்பட்டனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கடுங்குளிரில் தப்பியோடிய மேலும் பலர் வழியில் மடிந்தனர். படைக்குத் தலைமை வகித்தவர் கிளென்லயன் ராபர்ட் கேம்பெல். ஏறத்தாழ இரு வாரங்கள் மெக்டொனால்டுகளின் வீடுகளில் விருந்தினராகத் தங்கி, உண்டு, உறங்கிய படையினரே விடியற்காலையில் வாளை உருவினர்.

இதற்கான உத்தரவு அரசிடமிருந்து வந்தது. ஸ்காட்லாந்து விவகாரச் செயலர் ஜான் டால்ரிம்பிளே இதில் முதன்மைப் பொறுப்பாளி என 1695-இல் நடைபெற்ற விசாரணை சுட்டிக்காட்டியது. படையினரில் பலர் கேம்பெல்கள் அல்லர். ஆயினும் மக்கள் நினைவில் பழி அந்தக் குடும்பப் பெயரின் மீதே நிலைத்தது. கேம்பெல்களுக்கு இடமில்லை என அறிவிக்கும் பலகை ஒன்று, கிளென்கோ விடுதி ஒன்றில் பாதி வேடிக்கையாகத் தொங்குவது சுற்றுலாப் பயணிகள் அறிந்ததே.

கரீபியத் தீவுகளுக்குச் சென்ற பெயர்

பனாமா நிலப்பகுதியில் ஸ்காட்லாந்து 1698-இல் தொடங்கிய டேரியன் குடியேற்றம், இரு ஆண்டுகளில் நோயாலும் பட்டினியாலும் சிதைந்தது. அங்கிருந்து தப்பியவர்களுள் ஒருவரான ஜான் கேம்பெல் ஜமைக்காவில் குடியேறித் தோட்ட உரிமையாளரானார். அவரைத் தொடர்ந்து உறவினர்களும் ஊராரும் அங்கு சென்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பில் கரும்புத் தோட்டங்கள் செழித்தன.

அடிமைகளாக்கப்பட்டவர்களின் சொந்தப் பெயர்கள் அழிக்கப்பட்டன. தோட்டப் பதிவேட்டிலும் பின்னர் திருமுழுக்குப் பதிவேட்டிலும் உரிமையாளர்கள், மேற்பார்வையாளர்கள் ஆகியோரின் குடும்பப் பெயர்கள் அவர்களுக்கு வந்து சேர்ந்தன. தோட்டக்காரர்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் சிலருக்குத் தந்தையின் பெயர் கிடைத்தது. 1834-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1838-இல் முழு விடுதலை கிடைத்தபோது, அந்தப் பெயர்களே சட்டப்படியான அடையாளமாயின. ஜமைக்காவில் இன்று மிகப் பரவலாகக் காணப்படும் குடும்பப் பெயர்களுள் கேம்பெல்லும் ஒன்று. 2004, 2008 ஒலிம்பிக் போட்டிகளில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற வெரோனிகா கேம்பெல் பிரவுனும் ஜமைக்காவைச் சேர்ந்தவரே.

இந்தியாவில் கேம்பெல்கள்

ஆர்கைல் டியூக்கின் தலைமையிடமான இன்வெராரேயில் பிறந்த சர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல், 1786-இல் சென்னை மாகாண ஆளுநரானார். கொல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி, ஒரு காலத்தில் வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜார்ஜ் கேம்பெல்லின் பெயரைத் தாங்கியிருந்தது.

1857 எழுச்சியின்போது லக்னோவில் முற்றுகையிடப்பட்ட ஆங்கிலேயரை மீட்ட தளபதி காலின் கேம்பெல், பிறப்பால் கேம்பெல் அல்லர். கிளாஸ்கோ நகரத் தச்சர் ஒருவரின் மகனான அவருடைய இயற்பெயர் காலின் மெக்லிவர். தாய்மாமன் கர்னல் கேம்பெல் அவரைப் படையில் சேர்க்க அழைத்துச் சென்றபோது, தலைமைத் தளபதி யார்க் டியூக் அச்சிறுவனும் கேம்பெல்தான் என எண்ணி அவ்வாறே பதியச் செய்ததாகக் கூறப்படுகிறது. அப்பதிவு மாற்றப்படவே இல்லை. அதே பெயருடன் அவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றைய நிலை

ஸ்காட்லாந்தில் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர்களின் பட்டியலில் கேம்பெல் முதல் பத்து இடங்களுக்குள் இடம்பெறுகிறது. வட அயர்லாந்திலும் முன்னணியில் உள்ளது. அங்கு ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியோர் ஒருபுறம் இருக்க, 'போர்த் தலைவன்' எனப் பொருள்படும் வேறோர் ஐரிஷ் பெயரும் ஆங்கிலத்தில் கேம்பெல் என எழுதப்பட்டது. ஆகவே, அங்குள்ள கேம்பெல்கள் சிலருக்கு ஆர்கைலுடன் எத்தொடர்பும் இல்லை.

அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 3.86 லட்சம் பேர் இப்பெயருடன் பதிவாகினர். அப்போது அந்நாட்டின் முதல் 50 குடும்பப் பெயர்களுள் இதுவும் ஒன்றாக இருந்தது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அமெரிக்காவின் அடிமை முறை விட்டுச்சென்ற சுவட்டை இவ்விகிதம் காட்டுகிறது.

வேர்களைத் தேடி ஆர்கைல் வருவோருக்கு வரலாறு உணர்த்துவது இதுதான்: ஒரே குடும்பப் பெயர் ஒரே மூதாதையருக்குச் சான்றாகாது. ஒருவருக்கு அது பிறப்புரிமை, இன்னொருவருக்கு அடைக்கலம். ஜமைக்காவின் கேம்பெல்கள் பலருக்கோ, பறிக்கப்பட்ட பெயர்களின் இடத்தில் எழுதப்பட்ட பெயர் அது.