அடைத்த கதவும் அரை ஆட்டமும்

மலையடிவார ஆட்டங்கள் – 9

சென்ற வாரம் கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் விட்டோம். 1895-ல் தொடங்கியது, பதினெட்டுக் குழி மைதானம், காட்டுமாடு வந்து மேய்ந்துவிட்டுப் போகிற புல்வெளி. இந்த வாரம் மலையிறங்குவோம். காட்ரோட்டில் இறங்கித் தேவதானப்பட்டிப் பக்கம் திரும்பினால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, மஞ்சளாறு. மேலே இருக்கிற அந்தப் புல்வெளிக்கும் இங்கே வறண்ட கண்மாயில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்கும் நடுவில் பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். அவர்களுக்குக் கோல்ஃப் என்பது டிவியில் வரும் ஆட்டம்.

டிவியிலும் ஒருநாள்தான் ஊரே உட்கார்ந்து பார்த்தது. 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெங்களூரு அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அன்று காலை பர்டி, போகி என்று நம் வீடுகளிலும் பேசினார்கள். மறுநாள் மறந்துவிட்டார்கள். அதிதி ஐந்து வயதில் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானத்தில் ஆட ஆரம்பித்தவர். வீட்டில் யாரும் அதற்கு முன் ஆடியதில்லை. குழந்தையை உள்ளே விட்ட ஒரு மைதானம் ஊருக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

மைதானம் இல்லாத ஊரில் என்ன செய்வது? நூறு, நூற்றைம்பது ஏக்கர் புல்லுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றி மஞ்சளாறு பாசன விவசாயியிடம் பேசிப் பாருங்கள், என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஆட்டத்தின் கணக்கையே கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். பதினெட்டுக் குழிக்கு வழக்கமான ‘பார்’, அதாவது எதிர்பார்க்கப்படும் அடிகள், 72. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பாதி ஆட்டம் உருட்டல்! 108 மில்லிமீட்டர் அகலக் குழி, 46 கிராமுக்கு மிகாத பந்து. இதைக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூட வராந்தாவும் ஒரு சணல் விரிப்பும் போதும். அந்தக் காலத்தில் இந்தியாவின் பல மைதானங்களில் குழியைச் சுற்றிப் புல்லே கிடையாது. எண்ணெய் கலந்த மணலைத்தான் தட்டிச் சமன் செய்து வைத்திருந்தார்கள். அதிலும் உருட்டித்தான் ஆடினார்கள்.

நல்ல பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்குத் தொடங்குவதும் குழியிலிருந்துதான். முதல் நாள் ஒரு முழ தூரம். விழும். விழுந்த சத்தம் கேட்டால் பிள்ளை மறுநாளும் வரும். பிறகு ஒரு கஜம், மூன்று கஜம். அப்புறம்தான் பந்தைச் சற்றே தூக்கிப்போடும் சிப்பிங். முழு வீச்சு கடைசியில். பெரியவர்களின் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கையில் கொடுப்பது தப்பு. தலைப்பக்கம் கனத்து, தண்டு விறைத்து, சின்ன உடம்பு மட்டையின் பின்னால் இழுபட்டுப் போகும். அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் டீ’ அமைப்பு, பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பிளாஸ்டிக் தலை வைத்த மட்டையையும் மெத்தென்ற பெரிய பந்தையும் பி.டி. வாத்தியார்களிடம் கொடுத்துப் பழக்கியது.

வாத்தியார் முதலில் பழக்க வேண்டியது வீச்சை அல்ல, வரிசையை. நம் பிள்ளைகளுக்குப் பந்தை அடித்தவுடன் ஓடுகிற கால்; கிரிக்கெட் தந்தது. கோல்ஃபில் ஆபத்தே அங்கேதான். பக்கத்தில் நிற்பவன் மட்டையை ஓங்கியிருப்பான். அதனால் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், காத்திருப்பவர்கள் நன்றாகப் பின்னால். எல்லோரும் அடித்து முடித்து, “மட்டை கீழே” என்று குரல் வந்த பிறகுதான் பந்து பொறுக்கப் போக வேண்டும். ஒரு வாரம் இதிலேயே போனாலும் நஷ்டமில்லை.

உருட்டலை வராந்தாவில் பழக்கிவிடலாம்; மீதி ஆட்டம் கிளப் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இங்கே மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலில் அடைத்த கதவுக்குத்தான் பூசை. அடைத்த கதவைக் கும்பிடுவது தேவதானப்பட்டிக்குப் புதிதல்ல. ஆனால் அது அம்மன் கதவு, கிளப் கதவல்ல. இந்திய கோல்ஃபில் ஏழைப் பிள்ளை உள்ளே போக நெடுங்காலம் இருந்த வழி, அடுத்தவர் பையைச் சுமக்கும் ‘கேடி’ ஆவதோ, கிளப்பில் வேலை பார்ப்பவரின் பிள்ளையாக இருப்பதோதான். 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் வென்ற முனியப்பா பெங்களூருவில் கேடி. 2016, 2017 இரண்டு வருஷமும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவர். இவர்களைத் ‘தானாகக் கற்றவர்கள்’ என்று பத்திரிகைகள் புகழும். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் ஒப்புதல் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காததால்தான் தானாகக் கற்றார்கள். பை சுமந்தே காலம் தள்ளியவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

கிராமத்துக்கே கோல்ஃப் வந்த கதையும் ஒன்று உண்டு. ஹரியானாவில் பானிபட் அருகே இஸ்ரானா. வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர் ஒருவர் அங்கே ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். சில மாதத்தில் மூடிவிட்டார். வந்த பிள்ளைகள் கலைந்தார்கள். பால் வியாபாரி மகன் சுபம் ஜக்லான் மட்டும் வயலில் அடித்துக்கொண்டிருந்தான், யூடியூபைப் பார்த்துப் பார்த்து. 2015-ல், பத்து வயதில், அமெரிக்காவில் சிறுவர் உலகப் பட்டங்கள் இரண்டை வென்றான். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு டெல்லி இருக்கிறது: அங்கே ஒரு அறக்கட்டளை கைகொடுத்தது, பயிற்சியாளர் கிடைத்தார், நிஜ மைதானம் திறந்தது. வயல் மட்டும் போதாது.

ஆகவே தேவதானப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் முதல் பாதியைத் தாராளமாகத் தொடங்கலாம். இரண்டாம் பாதிக்கு மலையேறியே ஆக வேண்டும். கூட்டமில்லாத வாரநாள் மதியம் ஒன்றை மாதம் ஒருமுறை கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் எந்த கிளப்பின் புல்லும் தேய்ந்துவிடாது. பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி வேன் வாடகையைப் பற்றியதாகத்தான் இருக்கும். கொடை என்றால் ஸ்வெட்டரையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

(தொடரும்)