டிகிரியிலிருந்து இடைவெளிக்கு

மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள ஏகாம்ர நிவாஸ், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. 1950களின் பிற்பகுதியில் அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் அங்கே மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் வந்து பார்த்தார். அந்த முயற்சியில் விளைந்ததுதான் 1962 ஜனவரி 3 அன்று தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம். இன்று தரமணியில் இருக்கிறது.

அந்த வீட்டில் கரும்பலகை நிறைந்துகொண்டிருந்த நாட்களில், மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகளின் புதிர் தீர்ந்துவிட்டதாகவே பலரும் நினைத்தார்கள். 1954இல் வனேடியத்தின் தன்வெப்பத்தை அளந்தபோது, குளிரக் குளிர எலெக்ட்ரான்களின் பங்கு அடுக்குக்குறி வேகத்தில் சரிந்தது. எலெக்ட்ரான்கள் வெப்பத்தை வாங்க முடியாதபடி நடுவே ஓர் ஆற்றல் இடைவெளி இருப்பதற்கு அதுவே அடையாளம். 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் காரணம் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஓர் இடைவெளி. மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையில் தன்வெப்பம் தாவும் அளவு, சாதாரண நிலை எலெக்ட்ரான் பங்கில் 1.43 மடங்கு. கணக்கு சுத்தமாக இருந்தது.

1986இல் தாமிர ஆக்சைடுகள் அதைக் கலைத்தன. மறு ஆண்டே இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து அவற்றுக்குக் கோட்பாடு எழுதிய ஜி. பாஸ்கரன், தரமணி நிறுவனத்தோடு நீண்டகாலத் தொடர்புடையவர். 2008இல் ஜப்பானில் ஹோசோனோ குழு இரும்பும் ஆர்செனிக்கும் கலந்த சேர்மத்தில் 26 கெல்வின் மாறுநிலை வெப்பநிலையைத் தொட்டது. காந்தத்தன்மை கொண்ட இரும்பு மீக்கடத்தலுக்கு எதிரி என்றே அதுவரை பாடம். சில மாதங்களில் 55 கெல்வின். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்திலும் பேரியம் இரும்பு ஆர்சனைடு படிகத்தை அழுத்தத்தில் வைத்து ஆராய்ந்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள்.

செய்திகளில் டிகிரிதான் வந்தது. எனக்கோ, இடைவெளியின் வடிவம்தான் பெரிய விஷயம்.

அதற்குத் துப்புத் தரும் தன்வெப்பத்தை அளக்கும் விதமும் மாறிவிட்டது. அன்று கிராம் கணக்கில் மாதிரி வேண்டும். இன்று சில மில்லிகிராம் படிகம் போதும்: மெல்லிய கம்பிகளில் தொங்கும் சிறு மேடையில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து ஒட்டி, காற்றை வெளியேற்றி, லேசாகச் சூடேற்றிவிட்டு, அது ஆறும் வேகத்தைப் பார்க்கிறார்கள். சிக்கல் வேறிடத்தில். 20, 30 கெல்வினில் அணுக்களின் அதிர்வே வெப்பத்தில் பெரும்பகுதியை வாங்கிவிடுகிறது. டிசம்பர் சபாவில் தனி ஆவர்த்தனத்தின் நடுவே தம்புராவைப் பிரித்துக் கேட்பது போன்ற வேலை இது. மீக்கடத்தாத உறவுச் சேர்மம் ஒன்றை அளந்து, அந்த அதிர்வைக் கழிக்கிறார்கள்.

மிஞ்சும் வளைகோடு ஒற்றை இடைவெளிக்குப் பொருந்துவதில்லை. கோபால்ட் கலந்த பேரியம் இரும்பு ஆர்சனைடில் இரண்டு தேவைப்பட்டன. ஒன்று மற்றதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். தாவும் அளவும் விசித்திரமானது. இந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் பலவற்றில் அது மாறுநிலை வெப்பநிலையின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதாக 2009இல் புட்கோ, நி, கான்ஃபீல்ட் காட்டினார்கள். பழைய கோட்பாட்டின்படி வெறும் நேர்விகிதம்தான் வரவேண்டும்.

தன்வெப்பம் இடைவெளியின் அளவைச் சொல்லும். அது எங்காவது சுழியாகிறதா என்பதற்கும் துப்புத் தரும். ஆனால் ஓர் எலெக்ட்ரான் பகுதியில் நேர்க்குறியும் மற்றொன்றில் எதிர்க்குறியுமாக இடைவெளி மாறுகிறதா என்பது தன்வெப்பத்துக்குத் தெரியாது. அதற்கு நியூட்ரான் சிதறல் போன்ற வேறு சாட்சிகளை அழைக்க வேண்டும்.