ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரேக் வட்டு வகைகள்

பிரேக் வட்டு என்பது காரின் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு ஆகும். பிரேக்கை மிதித்ததும் இருபுறமும் உள்ள பேடுகள் இதை அழுத்திப் பிடிக்கின்றன. அப்போது வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. மேற்பரப்பைப் பொறுத்து, வட்டுகள் சமதள வட்டு, துளையிட்ட வட்டு, வரிப்பள்ள வட்டு என மூன்று வகைப்படும்.

வரலாறு

பிரித்தானியப் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902இல் வட்டு பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்ற பின்னர் இம்முறை புகழ்பெற்றது.

வகைகள்

சமதள வட்டு: உலோகம் முழுமையாக இருப்பதால் அதிக வெப்பத்தைத் தாங்கும், பேடும் மெதுவாகவே தேயும்.

துளையிட்ட வட்டு: பழைய பேடுகள் சூடாகும்போது வெளிவிட்ட வாயு வெளியேறவே துளைகள் இடப்பட்டன. இக்காலப் பேடுகளில் அச்சிக்கல் குறைவு. எடை குறைவதும் மழைநீர் விரைவில் விலகுவதும் இவ்வகையின் நன்மைகள். ஆனால், மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிரும்போது துளையின் விளிம்பில் விரிசல் விடலாம்.

வரிப்பள்ள வட்டு: பள்ளங்கள் பேடின் மேற்பரப்பைத் துடைத்துத் தூசியை அகற்றுகின்றன. துளைகளைவிட விரிசல் வாய்ப்பு குறைவு. பேடு விரைவாகத் தேய்வதும் இரைச்சலும் குறைகள்.

மலை இறக்கத்தில்

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பாதை போன்ற மலைச்சாலைகளில் வெப்பமே முதன்மைச் சிக்கல். 1,500 கிலோ எடையுள்ள கார் 600 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 8.8 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் அதே காரை ஒருமுறை நிறுத்தும்போது வெளிப்படுவது சுமார் 0.58 மெகாஜூல். அதாவது, அந்த இறக்கம் 15 முறை அவ்வாறு நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஈர்த்துக்கொள்ளும். மீதி பிரேக்கைச் சேரும்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நேர்ப்பகுதிகளில் விரையும் காரின் வட்டுகளை எதிர்க்காற்று குளிர்விக்கும். மலையில் வேகம் குறைவு என்பதால் காற்றோட்டமும் குறைவு. வட்டு அளவுக்கு மீறிச் சூடானால் பேடின் பிடிப்பு தளரும். பிரேக் ஆயில் கொதித்தால் மிதி உள்ளே இறங்கும், பிரேக் பிடிக்காது. துளைகள் இதைத் தடுப்பதில்லை. உலோகம் குறைவதால் வட்டு இன்னும் விரைவாகச் சூடாகவும் கூடும்.

தேர்வு

அன்றாடச் சாலைக்கும் மலைப்பயணத்துக்கும் நடுவில் காற்றுவழி கொண்ட, தயாரிப்பாளர் குறித்த அளவுடைய சமதள வட்டே ஏற்றது. பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுவோருக்கு வரிப்பள்ள வட்டு பொருந்தும். காருடன் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்த துளை வட்டுகளை மாற்றத் தேவையில்லை. விரிசல் உள்ளதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். தோற்றத்துக்காகச் சமதள வட்டில் பட்டறையில் துளையிடுவது ஆபத்தானது. வட்டுகளை மாற்றும்போது ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எவ்வகை வட்டானாலும், இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்கி எஞ்சினின் இழுவையைப் பயன்படுத்துவதும், பிரேக் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதும் இன்றியமையாதவை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் நாளடைவில் அதன் கொதிநிலை குறையும்.