அப்பாவின் பத்மினியைத் தூசு தட்டப்போகிறீர்களா? ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படிங்க!

வீட்டு போர்டிகோவில் பல வருடங்களாகத் தார்ப்பாய்க்குள் தூங்கும் பிரீமியர் பத்மினி. அப்பாவோ தாத்தாவோ ஆசையாக ஓட்டிய கார். 'எடைக்குப் போட்டுடலாமா?' என்று வீட்டில் பேச்சு எழும்போதுதான், 'நானே சரி பண்றேன்' என்று மகனோ மகளோ களமிறங்குவார்கள்.

சிக்கல் அந்த முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். வீடியோ பார்த்த வேகத்தில் மொத்த காரையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். ஆர்வம் வடிந்த பிறகு பாதி கார் அட்டைப்பெட்டிகளில் கிடக்கும். முழுசாக நிற்கும் பத்மினிக்கு விலை கேட்க ஆள் வரும். பெட்டியில் கிடக்கும் பத்மினிக்குக் காயலான் கடைதான்.

எனவே, முதலில் தேவை ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் மட்டுமே. பத்மினிக்கு லாரி மாதிரி தனி சேஸி கிடையாது. பாடியேதான் மொத்த எடையையும் தாங்குகிறது. அதனால் இங்கே துரு வெறும் அழகுப் பிரச்னை இல்லை. மிதியடியைத் தூக்கி ஃப்ளோரைப் பார்க்க வேண்டும். கதவுகளுக்குக் கீழே ஓடும் தகரம், டிக்கியின் அடிப்பகுதி, ஸ்பிரிங் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றையும் விடக் கூடாது. பெயின்ட் உப்பிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது முனை உள்ளே போனால், அங்கே தகரம் மிச்சமில்லை. பட்ஜெட்டை விழுங்குவது பெரும்பாலும் இந்த வெல்டிங், டிங்கரிங் வேலைதான். அடிப்பாகம் முழுக்க ஓட்டை என்றால், வேறு நல்ல பாடி தேடுவதே புத்திசாலித்தனம். அப்பாவின் கார் என்னும்போது இது கசக்கத்தான் செய்யும்.

அடுத்து ஆர்.சி. புக். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு, 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டவும் முடியாது. 1985 மாடல் பத்மினிக்கு இன்னும் வயசு போதாது!

பேட்டரியை மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கூடாது. எலி கடித்த வயர் ஒன்று உரசினால் போதும், தீப்பிடிக்கும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துளைக்கு ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊற வைக்க வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு காரை மெதுவாகத் தள்ளினால், இன்ஜின் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். அசையவில்லை என்றால் முரட்டுத்தனம் வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடலாம். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். அதை வடித்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்த பிறகே புது பெட்ரோல்.

ஓடும் முன் கார் நிற்க வேண்டும் இல்லையா? பத்மினியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நாள்பட்ட காரில் வீல் சிலிண்டர் ரப்பர்கள் காய்ந்திருக்கும், மாற்றியே ஆக வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாட்டு. கட்டாயம் ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் போனில் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதிவிட்டால் பாதித் தலைவலி குறையும். உதிரிபாகங்களுக்குச் சென்னைக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை. போகும்போது பழைய பாகத்தையும் கையோடு எடுத்துப்போவது நல்லது. 'பத்மினிதான் சார்' என்று கடையில் நீட்டுவது, வேறு மாடலுக்கானதாகவும் இருக்கலாம்.