இஞ்ஜினுக்கு நாடி பார்த்தல்

மனிதனுக்கு நோய் கண்டால் வைத்தியர் நாடி பிடிக்கிறார். ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். வாயில்லாத இஞ்ஜினுக்கு நோய் கண்டால் அறிவது எப்படி? அதற்கும் இரத்தம் உண்டு. அதுவே மசகு எண்ணெய்.

மோட்டார் வைத்திருப்போரில் பலர், எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுப் போயிற்று என்று தீர்மானித்து விடுகிறார்கள். நிறத்தைக் கண்டு தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. டீசல் இஞ்ஜினில் ஊற்றிய புது எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும். கரியை உலோகத்தின்மேல் படியவிடாமல் தன்னிடத்தே தாங்கி நிற்கும் சரக்குகள் அதில் கலந்திருப்பதே காரணம். கறுத்த எண்ணெய் தன் கடமையைச் செய்கிறது என்றும் கொள்ளலாம் அல்லவா? தெளிவாகத் தோன்றும் எண்ணெயிலோ அமிலம் ஏறியிருக்கக்கூடும்.

மிகுந்த உஷ்ணத்தில் பிராணவாயுவுடன் சேர்ந்து எண்ணெய் மெல்ல மெல்லப் புளித்து அமிலமாகிறது. பிசினும் கசண்டும் உண்டாகி அது தடித்துப் போகிறது. எரிபொருளிலுள்ள கந்தகமும் எரிந்து அமிலமாக மாறுகிறது. இவற்றை முறிப்பதற்கென்றே கால்ஷியம், மக்னீஷியம் ஆகியவற்றின் காரப் பொருள்களை முன்கூட்டியே எண்ணெயில் சேர்க்கிறார்கள். அந்தக் காரம் செலவழிந்து போனால், அமிலம் பேரிங்குகளை அரிக்கத் தொடங்கும்.

இரசாயன சாஸ்திரிகள் இதை அளந்தே சொல்லுகிறார்கள். 1 கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை முறிக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாஷ் காரம் வேண்டும் என்று பார்ப்பது ஒரு சோதனை. 40 டிகிரி, 100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணங்களில் எண்ணெய் எவ்வளவு வேகமாக வழிகிறது என்று பார்ப்பது மற்றொன்று. டீசல் கலந்திருந்தால் எண்ணெய் நீர்த்துப் போகும். காய்ந்த தகட்டில் ஒரு துளியை விட்டதும் படபடவென்று வெடித்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தாளிக்கும் சட்டியில் ஈரம் பட்டால் நடப்பதை அறிந்த நம் பெண்மணிகளுக்கு இது புதிதன்று!

இவற்றினும் அதிசயமானது உலோகச் சோதனை. மத்தாப்பில் ஒவ்வோர் உப்பும் ஒவ்வொரு நிறம் காட்டுவதை அறிவோம். அவ்வாறே எண்ணெயை மின்சாரப் பொறியில் எரித்தால், அதில் கலந்துள்ள ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய ஒளியை வீசும். இரும்பு மிகுந்தால் ஸிலிண்டர் தேய்கிறது. ஈயமும் தாமிரமும் மிகுந்தால் பேரிங். அலுமினியம் மிகுந்தால் பிஸ்டன். ஸிலிகன் மிகுந்தால் காற்றை வடிகட்டும் சல்லடை பழுதாகித் தெருப்புழுதி உள்ளே நுழைகிறது என்று ஊகிக்கலாம்.

அமெரிக்காவில் டென்வர்-ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரெயில்வேயார் 1946-ஆம் ஆண்டில் தங்கள் டீசல் இஞ்ஜின்களுக்கு இம்முறையைக் கையாண்டனர். மலைப்பாதையில் வண்டி நின்றபின் பழுதைத் தேடுவதைவிட, பணிமனையிலேயே ஒரு புட்டி எண்ணெயைக் கொண்டு நோயைக் கண்டுபிடிப்பது எவ்வளவு மேல்! 1955-ல் அமெரிக்கக் கடற்படையார் விமான இஞ்ஜின்களுக்கும் இதை மேற்கொண்டனர். ஆகாயத்தில் பேரிங் உடைந்தால் விமானியின் உயிருக்கே ஆபத்தன்றோ?

ஒன்றை மறக்கலாகாது. ஒரே ஒரு சோதனை அதிகம் சொல்லாது. குழந்தையின் எடையை மாதந்தோறும் குறித்து வருவதுபோல, ஒரே இஞ்ஜினின் எண்ணெயை விடாமல் சோதித்து வந்தால்தான், இன்று ஏறிய இரும்பு இயல்பானதா, எச்சரிக்கையா என்பது விளங்கும்.

கச்சா எண்ணெயில் பெரும் பகுதியை அந்நிய நாடுகளிலிருந்து வாங்கும் நம் தேசத்துக்கு இதில் இரட்டை லாபம் உண்டு. நல்ல எண்ணெய் வீணாகாது. கெட்ட எண்ணெயால் இஞ்ஜின் பாழாகாது. கழித்த எண்ணெயையும் சாக்கடையில் கொட்டாமல் சுத்திகரிப்போரிடம் சேர்ப்பித்தால், அது மறுபிறவி எடுத்து மீண்டும் உழைக்கும்.