ஜன்னல் அதிர்ந்த காலமும் வசனம் தெளிந்த காலமும்

ஒரு வீட்டில் சவுண்ட் செட் நன்றாக இருக்கிறதா என்பதை 1990களில் ஜன்னல்தான் சொன்னது. கண்ணாடி கிடுகிடுத்தால் பேஸ் நன்றாக இருக்கிறது என்று பொருள். இன்று அதே ஹாலில் மின்விசிறியை அணைத்துவிட்டு, சின்ன மைக் ஒன்றை முக்காலித் தாங்கியில் காது உயரத்துக்கு நிறுத்துகிறோம். ஸ்பீக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் சோதனை ஒலி முடியும்வரை எல்லோரும் பேசாமல் நிற்கிறோம். இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் மாறியது கருவி மட்டுமல்ல. நல்ல பேஸ் எது என்ற எண்ணமே மாறியிருக்கிறது. தாழ்ந்த ஒலியைக் கட்டுக்குள் கொண்டுவருவதன் முதல் பலன், படத்தில் பேசுகிறவர்களின் பேச்சு நமக்குப் புரிவதுதான். இந்த முப்பது ஆண்டு மாற்றத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுவே.

காதே மீட்டராக இருந்த நாள்

1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தது. 1996இல் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியோடு வந்தது. தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் புதிய ஒலிக்கு மாற, அந்தச் சத்தம் வீட்டிலும் வேண்டும் என்ற ஆசை பரவியது. கையில் காசு இருந்தவர்கள் வெளிநாட்டு ரிசீவர் வரவழைத்தார்கள். மற்றவர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவும் அந்தந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளும் இருந்தன. டிரான்ஸ்ஃபார்மர், போர்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அசெம்பிள் செய்த ஆம்ப்தான் பல வீடுகளின் முதல் ஹோம் தியேட்டர். ஸ்பீக்கரை மண்பானையில் பொருத்தி பேஸ் கூட்டியவர்களும் உண்டு.

அதை எப்படி ‘செட்’ செய்தார்கள்? பழக்கமான பாட்டு ஒன்றை ஓடவிட்டு பேஸ் குமிழைத் திருகினார்கள். கிராஃபிக் ஈக்வலைசர் இருந்தால் இரண்டு ஓரத்துப் பட்டைகளையும் ஏற்றி, நடுவில் உள்ளவற்றை இறக்கினார்கள். பெரும்பாலான வீடுகளில் ஈக்வலைசரின் முகம் இப்படித்தான் இருந்தது. இறக்கப்பட்ட அந்த நடுப்பகுதியில்தான் மனிதக் குரல் வாழ்கிறது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை வைத்துத்தான் தொலைபேசியில் காலம் காலமாகப் பேச்சைப் புரிந்துகொண்டோம். பாட்டில் தாளம் துள்ளியது. படத்தில் வசனம் அமுங்கியது. வசனத்துக்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் வீடே அதிரும். ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே படம் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

ரிசீவர் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி. 1987இல் வந்த டால்பி புரோ லாஜிக் உள்ள கருவிகளில் சோதனை இரைச்சல் ஒன்று இடது, நடு, வலது, பின்புறம் என்று சுற்றிவரும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கேட்கும்படி ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைக்க வேண்டும். பின்புற ஸ்பீக்கர்களுக்கான தாமதத்தை 15 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் தேர்ந்துகொள்ளலாம். அமெரிக்காவில் இதற்கென்று ரேடியோஷாக் கடையில் முள் ஆடும் ஒலிமானி வாங்கி, 75 டெசிபலுக்கு முள் வரும்வரை திருகினார்கள். இங்கே பெரும்பாலும் காதே மீட்டர். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரத்தை இஞ்சு டேப்பால் அளந்தவர் கவனமான ஆள் என்று பெயர் பெற்றார்.

சப்வூஃபருக்கு இடம் தேடவும் அன்று ஒரு வழி இருந்தது. சப்வூஃபரை சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்து பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிடுவார்கள். பிறகு சுவரோரமாக மண்டியிட்டுத் தவழ்ந்து, எந்த இடத்தில் பேஸ் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைப்பார்கள். இது வெறும் நம்பிக்கையல்ல. ஒலி எழுகிற இடத்தையும் கேட்கிற இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அறையின் பதில் ஒன்றுதான் என்ற இயற்பியல் இதன் பின்னால் இருக்கிறது. கருவி இல்லாத காலத்து ஞானங்களில் இன்றும் செல்லுபடியாவது இது.

அறையின் பங்கு

அன்று யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்தது அறையின் பங்குதான். ‘முழங்குகிறது’ என்றால் பெட்டியைக் குறை சொன்னோம், வேறு ஸ்பீக்கர் வாங்கினோம். புதிதும் அதே மாதிரி முழங்கியது.

15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 28 அடி நீளம். அது ஹாலுக்குள் அடங்காது. சுவரில் மோதித் திரும்பித் தன்மேலேயே விழுகிறது. அறையின் நீளத்துக்கு இருமடங்கு எந்த அலையின் நீளமோ, அந்த அலை எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் நிலைகொண்டுவிடும். இந்த ஹாலில் நீளவாட்டில் சுமார் 38 ஹெர்ட்ஸ், அகலவாட்டில் 47, உயரவாட்டில் 57. சரியான நேரத்தில் தொட்டாலே ஊஞ்சல் உயர உயரப் போவதுபோல, இந்த அதிர்வெண்களில் சின்ன ஒலியும் பெருத்துவிடுகிறது. ஒலி நின்ற பிறகும் உடனே அடங்குவதில்லை. அதே அலை, அறையின் நடுவில் அநேகமாகக் கேட்காமலே போகும். சுவரோரம் உட்கார்ந்தவருக்குக் காதடைக்கும், நடுவில் இருப்பவருக்கு ஒன்றுமே இருக்காது. ஒரே சோபாவின் இரண்டு முனைகளிலும்கூட வேறுவேறு பேஸ் கேட்பது இதனால்தான்.

பழைய ஈக்வலைசர் ஏன் தோற்றது என்பதும் இங்கே புரியும். அதன் 63 ஹெர்ட்ஸ் பட்டை ஏறத்தாழ 45 முதல் 90 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும் அல்லது இறக்கும். அறையின் முழக்கமோ சில ஹெர்ட்ஸ் அகலமே உள்ளது. 47இல் எழும் முழக்கத்தைக் குறைக்கப்போய், நன்றாக இருந்த 80ஐயும் சேர்த்துக் குறைத்தோம்.

நம் வீடுகளில் இது இன்னும் கடுமை. அமெரிக்க வீடுகளின் மெல்லிய பலகைச் சுவர்கள் தாங்களே அதிர்ந்து தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அப்படியே திருப்பி அனுப்பும். மொசைக் அல்லது டைல்ஸ் தரை, திரையில்லாத ஜன்னல் என்றால் மேல் அதிர்வெண்களும் எதிரொலிக்கும். தாழ்ந்த ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலிகளைக் காதுக்குள் மறைக்கும் இயல்புடையது. முழங்கி நிற்கும் பேஸ், வசனத்தின் மேல் போர்வையாகப் படிவது இதனால்தான்.

தியேட்டரிலிருந்து வீட்டுக்கு

அறையை அளந்து ஒலியைத் திருத்தும் வேலை வீட்டில் பிறந்ததல்ல. 1960களிலேயே அல்டெக் நிறுவனம் அரங்கங்களை அளந்து ஈக்வலைசர் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தது. 1983இல் லூகாஸ்ஃபில்மில் டாம்லின்சன் ஹோல்மன் வகுத்த டிஎச்எக்ஸ் தரம், தியேட்டர் எப்படி ஒலிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. தொழில்நுட்பர்கள் மைக்கோடும் அலசும் கருவியோடும் தியேட்டருக்கு வந்து சரிசெய்து போவார்கள். வீட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை.

வீட்டு நிலை 2000களின் முதற்பாதியில் மாறியது. பயனியரின் எம்சிஏசிசி, யமஹாவின் ஒய்பிஏஓ என்று ரிசீவருக்குள்ளேயே அளக்கும் வசதி வந்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2002இல் ஆடிசி நிறுவனம் உருவானது. அதை நிறுவியவர்களில் ஒருவர் அதே ஹோல்மன். தியேட்டருக்கு விதி எழுதியவரின் அறிவு, வீட்டு ரிசீவரோடு வரும் மைக்கில் வந்து சேர்ந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் தொடங்கிய டிராக், அதிர்வெண்ணோடு நேரத்தையும் சேர்த்துத் திருத்துவதில் பெயர் பெற்றது.

ரிசீவருக்கு வெளியே நடந்த மாற்றமும் சிறியதல்ல. ஜான் மல்காஹி உருவாக்கிய ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மினிடிஎஸ்பியின் யுமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக், அதற்கே உரிய திருத்தக் கோப்போடு வருகிறது. இரண்டையும் மடிக்கணினியில் இணைத்தால், ஹாலின் மேடு பள்ளங்களும் ஒலி அடங்க எடுக்கும் நேரமும் திரையில் வரைபடமாகத் தெரிகின்றன. எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று முன்பு கடைக்காரரிடம் கேட்டோம். இப்போது நம் ஹால் என்ன செய்கிறது என்பதை நாமே பார்க்கிறோம். ஆர்வமுள்ள எவரும் ஒரு விடுமுறை நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்கு அந்த அறிவு எளிதாகிவிட்டதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

திருத்தம் செய்வதும் செய்யாததும்

இன்றைய திருத்தம் மேட்டை இறக்குவதில் வல்லது. 47இல் 10 டெசிபல் எழும்பினால், அந்த இடத்தில் மட்டும் குறைக்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் மேடு இறங்கும்போது ஒலி இழுத்துக்கொண்டு நிற்பதும் சேர்ந்தே குறைகிறது. பள்ளத்தில் இந்த வித்தை பலிக்காது. நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது. 10 டெசிபல் ஏற்ற ஆம்புக்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அப்போதும் திரும்பும் அலையும் சேர்ந்தே உயர்வதால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதற்கு மருந்து இடமாற்றம்தான். சோபாவைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே இழுப்பது, விலை கூடிய கருவி செய்யாததைச் செய்துவிடும்.

இன்னொரு மருந்து, இரண்டாவது சப்வூஃபர். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, செவ்வக அறையில் எத்தனை சப்வூஃபர் எங்கே வேண்டும் என்று ஆராய்ந்தது. எதிரெதிர் சுவர்களின் நடுவில் ஒன்றொன்றாக இரண்டு வைத்தால், நாற்காலிக்கு நாற்காலி பேஸ் மாறுவது பெரிதும் குறைகிறது. ஒரே பெரிய பெட்டியைவிட இரண்டு சிறியவை பல வீடுகளில் நல்ல தேர்வு.

தானாக முடிந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாத இடங்களும் உண்டு. அளந்த பிறகு ரிசீவர் முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ என மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்புவது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். 10 அடியில் இருக்கும் சப்வூஃபரை ரிசீவர் 15 அடி என்று காட்டினால் அதைத் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் ஆகும் மின்னணுத் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மைக்கை சோபாவின் சாய்மானத்தில் வைக்காமல் தாங்கியில் நிறுத்தி, பல இடங்களில் அளக்க வேண்டும்.

எதுவரை திருத்துவது என்பதும் முக்கியம். மேலே சொன்ன ஹாலில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அறை ஆட்சி செய்கிறது. அதற்கு மேலே ஸ்பீக்கரின் சொந்த குணம் மேலோங்குகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்பு ஹார்மனிலும் பணியாற்றிய ஃபிலாய்ட் டூல் இதை வலியுறுத்திவந்தார். நல்ல ஸ்பீக்கரின் மேல் அதிர்வெண்களை அறையின் அளவை வைத்து வளைத்தால் குரல் கெடக்கூடும். அதனால் சில நூறு ஹெர்ட்ஸ் வரை மட்டும் திருத்தி நிறுத்தும் வசதி இன்றைய செயலிகளில் இருக்கிறது; அதைப் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. மேலே எதிரொலி மிகுந்தால் கனத்த திரைச்சீலையும் கம்பளமும் புத்தக அலமாரியும்தான் வேலை செய்யும்.

எது வளர்ந்தது, எது குறைந்தது

குறைந்ததும் ஒன்று உண்டு. அன்று ஒரே பாட்டை நூறு முறை கேட்டுச் செட் செய்தவருக்கு, தபேலாவின் இடது தட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இன்று அளவெடுத்து முடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். அன்றைய பொறுமையும் இன்றைய வரைபடமும் சேர வேண்டும். ஹார்மனில் நடந்த கேட்புச் சோதனைகளில் பலரும் விரும்பியது தட்டையான கோட்டை அல்ல; தாழ்ந்த பகுதி சற்று உயர்ந்து மேலே போகப் போக மெல்லச் சரியும் கோட்டைத்தான். ஆகவே பேஸில் சில டெசிபல் கூட்டிக்கொள்வது பிழையல்ல. அது அளந்து, அறிந்து, வேண்டுமென்று கூட்டுவது.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நாற்காலியையும் சப்வூஃபரையும் நல்ல இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு மைக்கை வைத்து அளக்கவிடுங்கள். பிறகு நீங்கள் நன்கு அறிந்த பாட்டையும் படத்தையும் சில நாள் கேளுங்கள். கடைசியில், மழையும் இடியும் பின்னணி இசையும் சேர்ந்து வரும் வசனக் காட்சி ஒன்றை வீட்டில் வயதான ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். ஒலியைக் கூட்டச் சொல்லாமல், ‘என்ன சொன்னான்?’ என்று கேட்காமல் அவர் கதையைத் தொடர்ந்தால் உங்கள் திருத்தம் சரி. கேட்டால், மறுபடியும் சப்வூஃபரின் இடத்திலிருந்தே தொடங்குங்கள்.